பாடம் நடத்துவதை நிறுத்திவிட்டால் பிள்ளைகள் தானாகப் படிப்பார்களா?

கேள்வி:

வணக்கம் சார். நான் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் பட்டதாரி ஆசிரியை. எட்டாம் வகுப்பில் 42 பிள்ளைகள். கோடை விடுமுறையில் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தேன். ஆசிரியர் பேச்சைக் குறைத்து வகுப்பைப் பிள்ளைகள் கையில் கொடுத்தால்தான் அவர்கள் சுயமாகக் கற்பார்கள் என்று அங்கே சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பள்ளி திறந்ததும் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, "இனி நான் பாடம் நடத்தப் போவதில்லை, நீங்களே குழு சேருங்கள், நீங்களே படியுங்கள், சந்தேகம் வந்தால் மட்டும் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டேன். முதல் சில நாட்கள் உற்சாகமாகத்தான் இருந்தது. இப்போது பார்த்தால் ஐந்தாறு பேர்தான் எல்லாம் செய்கிறார்கள், மற்றவர்கள் அவர்கள் எழுதியதைப் பார்த்து எழுதுகிறார்கள், பின்னால் இருப்பவர்கள் சும்மாவே இருக்கிறார்கள். சத்தம் தாங்கவில்லை என்று பக்கத்து வகுப்பு டீச்சர் புகார் சொல்ல, "வகுப்பை அடக்கத் தெரியாதா?" என்று ஹெச்.எம். கேட்டுவிட்டார். போன வாரம் ஒரு பையன், "டீச்சர், நீங்க எப்போ பாடம் நடத்துவீங்க?" என்று கேட்டான். அன்று முழுக்க மனசே சரியில்லை. பழைய முறைக்கே திரும்பிவிடட்டுமா? போர்ஷன் வேறு பாக்கி நிற்கிறது.

பதில்:

அன்புள்ள டீச்சர்,

பழைய முறைக்குத் திரும்ப வேண்டாம். இப்போது நடப்பதை இப்படியே விடவும் வேண்டாம். உங்கள் வகுப்பில் நடந்தது தோல்வி என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன், ஆனால் அது சுயகற்றல் என்று நீங்கள் சொன்னாலும் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஏழு வருடம் "கையைக் கட்டு, வாயைப் பொத்து" என்று உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகளிடம், எதைப் படிப்பது, எப்படிப் படிப்பது, யாரோடு படிப்பது, எவ்வளவு நேரம், சரியா தப்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது, அத்தனையையும் ஒரே நாளில் மொத்தமாகக் கொடுத்துவிட்டீர்கள். பெரியவர்களாலேயே அதைச் சமாளிக்க முடியாது. நமக்கு ஒரு பயிற்சியில் புதுத் தலைப்பைக் கொடுத்து "நீங்களே படித்துக் குழுவாக விவாதியுங்கள்" என்று விட்டுவிட்டு ஆள் போய்விட்டால் நாம் என்ன செய்கிறோம்? இரண்டு பேர் சார்ட் எழுதுகிறார்கள், மற்றவர்கள் டி.ஏ. எப்போது வரும் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைகளும் அதைத்தான் செய்கிறார்கள்.

பயிற்சிகளில் இதைச் சரியாகச் சொல்வதில்லை என்பது என் நீண்ட நாள் வருத்தம். ஆசிரியர் தன் கையில் இருக்கும் கட்டுப்பாட்டை விடுகிறார் என்றால், அந்தக் கட்டுப்பாடு வேறு ஏதோ ஓர் இடத்தில் போய் உட்கார வேண்டும். பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்று எழுதிய அட்டையிலோ, பொருளிலோ, வேலை பிரித்த விதத்திலோ, நேரக் கணக்கிலோ அது இருக்க வேண்டும். எங்கேயும் வைக்காமல் விட்டுவிட்டால், வகுப்பில் ஏற்கெனவே யார் பலசாலியோ அவன் கைக்கு அது போய்விடும். உங்கள் ஐந்தாறு பேர் அப்படி வந்தவர்கள்தான்.

நம் மாநிலத்திலேயே இதற்குப் பெரிய உதாரணம் இருக்கிறது. செயல்வழிக் கற்றல். ஆந்திரத்தில் ரிஷிவேலிப் பள்ளி, சுற்றியுள்ள கிராமத்துப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய முறையைப் பார்த்துவிட்டு வந்து, சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கினார்கள். அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் அதற்கு முக்கியக் காரணம். பிறகு 2007இல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. நீங்கள் உயர்நிலைப் பள்ளி என்பதால் அந்த வகுப்பறைகளை அது நல்ல நிலையில் இருந்த காலத்தில் பார்த்திருக்கமாட்டீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் ஆசிரியர் பயிற்றுநராகப் பள்ளி பள்ளியாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில், நன்றாக நடந்த வகுப்பு ஒன்றுக்குள் நுழைந்தால் முதலில் டீச்சர் எங்கே என்றே தெரியாது. தரையில் பாயில் ஒரு குழுவோடு உட்கார்ந்திருப்பார். சுவரின் அடிப்பாகத்தில், பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் சுற்றிலும் கரும்பலகை, ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு பங்கு. தலைக்கு மேலே கம்பிப் பந்தல், அதில் பிள்ளைகள் வரைந்ததும் எழுதியதும் தொங்கும். வருகைப் பதிவைப் பிள்ளைகளே குறித்துக்கொள்வார்கள். சுவரில் ஓர் ஏணிப் படம். ஒரு குழந்தை வந்து ஏணியில் தான் எந்தப் படியில் இருக்கிறோம் என்று பார்க்கும், அந்தப் படிக்குரிய சின்னமும் எண்ணும் போட்ட அட்டையைத் தட்டிலிருந்து எடுக்கும், அந்தச் சின்னத்தைப் பார்த்தாலே எந்தக் குழுவில் போய் உட்கார வேண்டும் என்று அதற்குத் தெரியும். டீச்சர் முழுக்க உதவும் குழு ஒன்று, பாதி உதவும் குழு ஒன்று, கூடப் படிக்கும் பிள்ளை முழுக்க உதவுவது, பாதி உதவுவது, தனியாகச் செய்வது, கடைசியாக மதிப்பீடு. மொத்தம் ஆறு.

இந்த வரிசையைக் கவனியுங்கள் டீச்சர். புதிதாக ஒன்று வரும்போது குழந்தை டீச்சர் பக்கத்தில் இருந்தது. பழகப் பழக விலகிப் போனது. தனியாகச் செய்யும் நிலை கடைசிக்கு முன்னால்தான் வந்தது. நம் ஊரில் கிணற்றில் நீச்சல் பழக்கும்போது இடுப்பில் கட்டிய கயிற்றை நாளாக நாளாகத் தளர்த்துவதுபோலத்தான் இதுவும். அங்கே டீச்சர் தரையில் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் "ஆசிரியர் அதிகாரத்தை விட்டுவிட்டார்" என்று எழுதினார்கள். உண்மையில் அந்த அட்டைகளையும் ஏணியையும் தயாரிக்க ஆசிரியர்கள் சேர்ந்து உட்கார்ந்து போட்ட உழைப்புதான் அந்த வகுப்பை நடத்தியது. அதனால்தான் அட்டை கிழிந்து, தொலைந்து, மறுபடி அச்சிட்டு வராத பள்ளிகளில் அதே முறை ஒரு வருடத்தில் வெறும் சடங்காகிப்போனது. நடுநிலை வகுப்புகளுக்கு வந்த படைப்பாற்றல் கல்வியிலும் இதே கதைதான். மனவரைபடம், அதாவது பாடத்தின் கருத்துகளைக் கிளை கிளையாக இணைத்து வரையும் படம், பிள்ளை தானே யோசித்துப் போட வேண்டியது. பல வகுப்புகளில் அதைப் பலகையில் டீச்சர் வரைய, பிள்ளைகள் பார்த்து வரைந்தார்கள்.

சுயகற்றலுக்கு எதிராகப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2006இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். வழிகாட்டல் குறைவான கற்பித்தல் ஏன் வேலை செய்வதில்லை என்பதுதான் அதன் பொருள். மனிதன் ஒரே நேரத்தில் மனதில் வைத்து யோசிக்கக்கூடியது ரொம்பக் கொஞ்சம். ஒரு விஷயத்தில் அடிப்படையே இல்லாத பிள்ளை, எதைத் தேடுவது என்று தேடுவதிலேயே அந்தக் கொஞ்சத்தையும் செலவழித்துவிடும், கற்பதற்கு மிச்சம் இருக்காது என்பது அவர்கள் வாதம். அடிப்படை நன்றாக இருக்கும் பிள்ளைக்கு வழிகாட்டல் அவ்வளவு தேவைப்படாது என்பதையும் அவர்களே ஏற்கிறார்கள். உங்கள் வகுப்பில் இதை அப்படியே பார்க்கலாம். அந்த ஐந்தாறு பேருக்கு உங்கள் முறை நன்றாகவே வேலை செய்தது. பின்வரிசைக்கு வேலை செய்யவில்லை. முழுச் சுதந்திரம் கொடுத்தால், ஏற்கெனவே தெரிந்த பிள்ளை மேலே போகும், தெரியாத பிள்ளை இன்னும் பின்தங்கும், அரசுப் பள்ளியில் நாம் செய்யக் கூடாத காரியம் அது ஒன்றுதான்.

மறுபக்கம் கல்வி ஆய்வாளர் சுகதா மித்ராவின் சோதனைகளைப் பற்றிப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். 1999இல் டெல்லி கல்காஜியில் சுவரில் ஒரு கணினியைப் பதித்து வைத்தார், குடிசைப் பகுதிப் பிள்ளைகள் தாங்களாகவே பழகிக்கொண்டார்கள். அதோடு கதையை முடித்துவிடுவார்கள். ஆனால் அவரே பிறகு தென்னிந்தியக் கிராமம் ஒன்றில் செய்த சோதனை நமக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது. தமிழ் பேசும் கிராமத்துப் பிள்ளைகள், ஆங்கிலத்தில் இருக்கும் உயிரித் தொழில்நுட்பப் பாடத்தைக் கணினியில் தாங்களாகப் படித்தார்கள். ஆசிரியர் இல்லாமல் சுமார் 30 சதவீத மதிப்பெண் வரை போனார்கள். சாதாரண விஷயமில்லை. ஆனால் அதற்கு மேல் போக ஒரு பெரியவர் தேவைப்பட்டார். பாடம் தெரியாத, ஆனால் பிள்ளைகளுக்குப் பழக்கமான ஓர் இளம்பெண் பின்னால் நின்று, "அட, இதை எப்படிச் செய்தீங்க? அடுத்து என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்ததும் மதிப்பெண் சுமார் 50க்கு வந்தது. சின்னச் சோதனைதான், அதை வைத்து எல்லாவற்றையும் தீர்மானிக்க முடியாது. ஆனாலும் பாடமே தெரியாத ஒருவர் பக்கத்தில் அக்கறையாக நிற்பதற்கே இவ்வளவு பலன் என்றால், பாடம் தெரிந்த நீங்கள் "சந்தேகம் வந்தால் மட்டும் கேளுங்கள்" என்று மேசைக்குப் பின்னால் போய் உட்காரலாமா? சந்தேகம் கேட்பதற்கே பாதி பாடம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்றுமே புரியாத பிள்ளை ஒருநாளும் கேட்காது.

சரி, எதை விடுவது, எதை விடக் கூடாது?

வேகத்தை விடலாம். ஒரு குழு முன்னால் போகட்டும், ஒரு குழு மெதுவாக வரட்டும். தெரிந்துகொண்டதை எப்படிக் காட்டுவது என்பதை விடலாம், ஒருத்தி எழுதட்டும், ஒருவன் படம் வரையட்டும், ஒருவன் செய்து காட்டட்டும். விடையைத் திருத்துவதை முதலில் விடுங்கள், நோட்டுகளை அடுக்கி வைத்துச் சிவப்பு மையில் டிக் அடிக்கும் வேலையில் பாதிக்கு மேல் பிள்ளைகளே செய்துகொள்ளலாம். கேள்வி கேட்கும் உரிமையைத் தாராளமாக விடலாம். நோக்கத்தை விடாதீர்கள்: இந்த வாரத்தின் முடிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எது தெரிந்திருக்க வேண்டும் என்பது உங்கள் முடிவு. அமிலம், நெருப்பு, மின்சாரம் சம்பந்தப்பட்ட எதையும் விடாதீர்கள், அதை விளக்க வேண்டியதில்லை.

குழு பிரிப்பதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள்.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. "நீங்களே குழு சேருங்கள்" என்று சொன்ன அன்று யார் யாரோடு சேர்ந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பையன்கள் தனி, பெண் பிள்ளைகள் தனி என்பது மேலோட்டமாகவே தெரியும். அதற்கு அடியில் பாருங்கள். நம் ஊர்களில் அது பெரும்பாலும் தெருவாரியாக வந்து நிற்கும். ஊர்த்தெருப் பிள்ளைகள் ஒரு வட்டம், காலனிப் பிள்ளைகள் ஒரு வட்டம், இரண்டிலும் சேராமல் நான்கு பேர் சன்னல் ஓரம். பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை, வீட்டில் பார்த்ததைச் செய்கிறார்கள். ஆனால் டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு நின்றால், ஊரில் இருக்கும் கோடு அப்படியே வகுப்புத் தரையில் விழும், அதற்கு நாம் சுதந்திரம் என்று பெயர் வைத்துவிடுவோம். பள்ளிக்கூடம் என்ற ஓர் இடத்தில்தான் இந்தப் பிள்ளைகள் அந்தக் கோட்டைத் தாண்டி ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்கார முடியும். அந்த வாய்ப்பை அவர்களிடமிருந்து பறிக்க நமக்கு உரிமை கிடையாது. குழுவை நீங்கள் பிரியுங்கள், கலந்து பிரியுங்கள், மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், காரணம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரத்தில் 1971இல் இதே பிரச்சினை வேறு உருவத்தில் வந்தது. அதுவரை தனித்தனியாகப் படித்த வெள்ளையர், கறுப்பர், மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் சேர்த்தபோது சண்டையும் ஒதுக்கலுமாக இருந்தது. எலியட் ஆரன்சன் என்ற உளவியல் பேராசிரியர் அங்கே போய்ப் பார்த்துவிட்டு ஒரு வழி செய்தார். பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்து, குழுவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டை மட்டும் கொடுப்பது. ஒரே துண்டு கிடைத்த பிள்ளைகள் எல்லாக் குழுக்களிலிருந்தும் எழுந்து வந்து ஓர் இடத்தில் உட்கார்ந்து அதை நன்றாகப் படித்துக்கொள்வார்கள். பிறகு அவரவர் குழுவுக்குத் திரும்பிப் போய்ச் சொல்லிக்கொடுப்பார்கள். அந்தப் பகுதியை அந்தப் பிள்ளையிடம் கேட்டுத்தான் மற்றவர்கள் தெரிந்துகொள்ள முடியும், வேறு வழி இல்லை. ஆகவே யாரையும் ஒதுக்க முடியாது, யாரும் சும்மா இருக்கவும் முடியாது. உங்கள் 42 பேருக்கு, ஆறு பேர் கொண்ட ஏழு குழு. "நுண்ணுயிரிகள்" பாடத்துக்கு இது அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும்: வைரஸ், பாக்டீரியா, பூஞ்சை, பாசி, புரோட்டோசோவா, ஆறாவது ஆளுக்கு அவற்றால் வரும் நோய்கள். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்குச் சிறிய துண்டு, படம் உள்ள துண்டு கொடுங்கள். அந்தப் பிள்ளை முதலில் அதே துண்டு கிடைத்தவர்களோடு பேசிப் பழகிவிட்டு வருவதால், தன் குழுவில் பேசும்போது கூசாது.

இப்போது நீங்கள் அடுத்து எடுக்கப்போகும் "விசையும் அழுத்தமும்" பாடத்தை வைத்தே ஒரு பீரியடு எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன்.

ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் குழுவுக்கு ஒன்று. தண்ணீர் எந்த மட்டம் வரை நிற்கப் போகிறதோ அந்த உயரத்தை நான்காகப் பிரித்து, கால், அரை, முக்கால் உயரத்தில் சூடான ஊசியால் மூன்று துளைகளை நீங்களே முந்தின நாள் போட்டுவிடுங்கள். துளைகளின் மேல் டேப் ஒட்டி, பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்தே வையுங்கள், மூடியிருந்தால் தண்ணீர் ஒழுங்காக வராது. கூடவே ஓர் அட்டை. அதில் இப்படி எழுதுங்கள்: "பாட்டிலைத் தரையில் வையுங்கள். டேப்பை எடுத்தால் எந்தத் துளையின் தண்ணீர் அதிகத் தூரத்தில் விழும்? ஒவ்வொருவரும் தனித்தனியாக நோட்டில் எழுதுங்கள். ஆறு பேரும் எழுதிய பிறகுதான் டேப்பைத் தொட வேண்டும்." அந்தக் கடைசி வாக்கியம்தான் வகுப்பை நடத்தும். அது இல்லாவிட்டால் ஒருவன் டேப்பைப் பிய்ப்பான், ஐந்து பேர் வேடிக்கை பார்ப்பார்கள்.

பாதிப் பிள்ளைகள் "அடித்துளை" என்று எழுதியிருப்பார்கள், ஆழம் கூடினால் அழுத்தம் கூடும் என்று கேள்விப்பட்டிருப்பார்கள், அப்படி வரைந்த படத்தையும் எங்காவது பார்த்திருப்பார்கள். டேப்பை எடுத்துப் பார்த்தால் அதிகத் தூரம் போவது நடுத்துளை! மேல் துளையும் அடித்துளையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழும். அந்த நேரத்தில் வகுப்பில் ஒரு சத்தம் எழும் பாருங்கள், அதை நான் எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுத்ததில்லை. "டீச்சர், தப்பா வருது!"

இங்கேதான் நீங்கள் தேவை. நீங்கள் மேசைக்குப் பின்னால் இருந்தால் பிள்ளைகள் "அழுத்தம் நடுவில்தான் அதிகம்" என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். கண்ணால் பார்த்ததை யார் மறுப்பது? தானாகக் கண்டுபிடித்த தப்பு, டீச்சர் சொல்லித்தந்த தப்பைவிட ஆழமாகப் பதியும். அதேசமயம் உடனே விடையைச் சொல்லிவிட்டாலும் அந்த ஆச்சரியம் செத்துப்போகும். குழுவின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வேகமாப் போறதும் தூரமாப் போறதும் ஒண்ணுதானா?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பார்த்ததில், ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று விநாடியாக நீட்டியதும் பிள்ளைகளின் பதில் நீண்டது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகள் பேசினார்கள். மூன்று விநாடி அமைதி நமக்கு ஒரு யுகம் மாதிரி இருக்கும். நம் பேச்சால் வகுப்பை நிரப்பும் பழக்கத்தை விடுவது, பெஞ்சை ஓரம் தள்ளுவதைவிடக் கஷ்டம்.

அப்புறம் இரண்டாவது அட்டை. "பாட்டிலை உயரமான ஸ்டூலின் விளிம்பில் வைத்து, தண்ணீர் தரையில் விழும்படி மறுபடி செய்யுங்கள்." ஸ்டூலின் உயரம் பாட்டிலில் உள்ள தண்ணீரின் உயரத்தைவிட அதிகமாக இருக்கட்டும், இப்போது அடித்துளைத் தண்ணீர்தான் அதிகத் தூரம் போகும். யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும்: அடித்துளைத் தண்ணீர் முதலிலும் வேகமாகத்தான் வந்தது, தரை பக்கத்திலேயே இருந்ததால் போவதற்கு நேரம் கிடைக்கவில்லை. மட்டம் இறங்காமல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதையும் அட்டையில் எழுதிவிடுங்கள். இதெல்லாம் வராந்தாவிலோ மைதானத்திலோ நடக்கட்டும்.

பிள்ளை தப்பு செய்தால் பொருளே அதைச் சொல்லிவிட வேண்டும் என்பது மாண்டிசோரி அம்மையாரின் முறையில் முக்கியமான ஒன்று. 1939இல் அடையாறுக்கு வந்து, உலகப்போர் காரணமாகப் பல வருடம் இந்தியாவிலேயே, கொடைக்கானலிலும் கொஞ்ச காலம், இருந்தவர் அவர். அவருடைய மர உருளைகள் அதனதன் குழியில்தான் பொருந்தும், ஒன்றை மாற்றி வைத்தால் கடைசியில் ஒன்று மிஞ்சி நிற்கும், டீச்சர் "தப்பு" என்று சொல்லவே வேண்டியதில்லை. உங்கள் அட்டைகளையும் அப்படிச் செய்யப் பாருங்கள். இரண்டாவது அட்டை முதல் அட்டையின் தவறான முடிவை உடைக்கிறது அல்லவா, அதுதான். கணக்குகளுக்கு விடையை உறையில் போட்டு ஒட்டி வையுங்கள், செய்து முடித்த பிறகு பிரிக்கட்டும்.

இதற்கு முந்தின நாள் மாலை உங்களுக்கு ஒன்றரை மணி நேரமாவது வேலை இருக்கும். மறைக்காமல் சொல்கிறேன், இந்த முறையில் ஆசிரியருக்கு வேலை குறையாது, கூடத்தான் செய்யும். அதனால் எல்லாப் பீரியடையும் இப்படி நடத்த முயன்றால் ஒரு மாதத்தில் களைத்துப்போய் இதையே வெறுத்துவிடுவீர்கள். வாரத்தில் ஒரு பீரியடு போதும், தீபாவளிக்குப் பிறகு இரண்டாக்குங்கள்.

"நீங்க எப்போ பாடம் நடத்துவீங்க?" என்று கேட்ட பையனைப் பற்றி. அவன் உங்களைக் குறை சொல்லவில்லை டீச்சர். அவனுக்குப் புரியவில்லை, புரியவைக்க நீங்கள் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் கேட்டிருக்கிறான். அந்தக் கேள்வியைக் கேட்க அவனுக்குத் தைரியம் வந்ததே உங்கள் வகுப்பில் நடந்த நல்ல காரியம், கையைக் கட்டி உட்கார வைத்திருந்தால் கேட்டிருக்கமாட்டான். அவனுக்குப் பாடம் நடத்துங்கள். நன்றாகப் பாடம் நடத்துவது பாவமில்லை. பாட்டில் சோதனை முடிந்த பிறகு பதினைந்து நிமிடம் பலகையில் நின்று, அழுத்தம் என்றால் என்ன, ஆழத்தோடு ஏன் கூடுகிறது என்று நீங்கள் சொல்லும்போது அந்தப் பிள்ளைகள் கேட்கும் விதமே வேறாக இருக்கும், ஏனென்றால் அவர்களிடம் இப்போது ஒரு கேள்வி இருக்கிறது. அந்தப் பையனை ஒருநாள் தனியாகக் கூப்பிட்டு, எந்த இடத்தில் புரியாமல் நின்றுபோகிறது என்று கேளுங்கள். அவன் சொல்லும் இடத்துக்குத்தான் உங்கள் அடுத்த அட்டை தேவை.

சத்தம். வேலை செய்யும் சத்தமும் வெட்டிச் சத்தமும் வேறு வேறு, ஆனால் பக்கத்து வகுப்பில் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான், அவர் புகார் சொன்னதில் நியாயம் இருக்கிறது. முதலில் போய் அவரிடம் பேசுங்கள். எந்தக் கிழமை எந்தப் பீரியடு குழு வேலை என்று சொல்லிவிட்டால் அவர் அந்த நேரத்தில் எழுத்து வேலை வைத்துக்கொள்வார், அல்லது நீங்கள் வெளியே போகலாம். உள்ளே ஒரே ஓர் ஏற்பாடு செய்யுங்கள்: நீங்கள் கையை உயர்த்தினால் பார்த்த பிள்ளையும் கையை உயர்த்தி வாயை மூட வேண்டும். கத்தி அடக்கத் தேவைப்படாது. முதல் வாரம் பாடமே இல்லாமல் இதை மட்டும் விளையாட்டாகப் பழக்குங்கள்.

ஹெச்.எம்.மிடம் கல்விக் கோட்பாடு பேசாதீர்கள். அவருக்கு மேலே அதிகாரிகள் வருகிறார்கள், வந்தால் நோட்டைப் பார்க்கிறார்கள், பிள்ளையை எழுப்பி வாசிக்கச் சொல்கிறார்கள், அவர் கவலை அவருக்கு. பாடக்குறிப்பேட்டில் குழு வேலையையும் அட்டையில் உள்ள கேள்விகளையும் அப்படியே எழுதி, வாரத் தொடக்கத்திலேயே அவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பாட்டில் சோதனை அன்று, "சார், ஒரு அஞ்சு நிமிஷம் வந்துட்டுப் போங்க" என்று கூப்பிடுங்கள். வந்தால் நீங்கள் விளக்க வேண்டாம், ஏதாவது ஒரு குழுவிடம் அவரே கேட்கட்டும். ஒவ்வொரு குழு வேலைக்குப் பிறகும் ஐந்து கேள்வியில் ஒரு சின்னத் தேர்வு வைத்து, தனித்தனியாக எழுத வைத்து, அந்தத் தாள்களைச் சேர்த்து வையுங்கள். பின்வரிசைப் பிள்ளைகளின் தாள்கள் மேலே இருக்கட்டும். "அடக்கத் தெரியாதா" என்று கேட்டவரிடம் கோபம் வேண்டாம், அவரும் முப்பது வருடம் ஒரே மாதிரி வகுப்பைப் பார்த்துப் பழகியவராக இருப்பார்.

போர்ஷனைப் பற்றி: எல்லாப் பாடமும் இந்த முறைக்கு ஏற்றதில்லை. அலகுகள், வரையறைகள், குறியீடுகள் இருக்கும் அளவீட்டியலை நேராக நடத்திப் பயிற்சி கொடுத்து முடித்துவிடுங்கள், அதில் பிள்ளைகள் தேடிக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை, அது மனிதர்கள் கூடிச் செய்துகொண்ட ஒப்பந்தம். விசையும் அழுத்தமும், ஒளியியல், வெப்பம், காந்தவியல் இவற்றில் கைக்கு வேலை இருக்கிறது, ஒவ்வொன்றிலும் ஓரிரு பீரியடைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். நுண்ணுயிரிகளுக்கும் தாவர உலகத்துக்கும் நான் சொன்ன துண்டு பிரிக்கும் முறை, அதில் நேரம் மிச்சமாகவே வாய்ப்பு இருக்கிறது. பாக்கி நிற்பதை இந்த மாதம் நேரடியாக நடத்தி முடியுங்கள். பெஞ்சுகளைத் திரும்பப் போட்டுவிடுங்கள், குழு வேலை இருக்கும் பீரியடுக்கு மட்டும் நகர்த்தினால் போதும், அந்த வேலையைப் பிள்ளைகளே இரண்டு நிமிடத்தில் செய்துவிடுவார்கள். விசையும் அழுத்தமும் முடிந்ததும் அந்தச் சின்னத் தேர்வில் பின்வரிசைப் பிள்ளைகள் என்ன எழுதினார்கள் என்று எனக்கு எழுதுங்கள். எந்த அட்டை வேலை செய்தது, எதை மாற்ற வேண்டும் என்று சேர்ந்தே பார்க்கலாம்.